மூன்று பள்ளிக்கூடங்களில் ஒரு மகள்

ஒரே ஜூன் மாதத்தில், ஒரே மகளை, மூன்று அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பில் சேர்த்தவன் நான். ஏமாற்றும் எண்ணம் ஏதுமில்லை. ஏமாற்றுவதற்குக் கொஞ்சமாவது திறமை வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராத நாக்கும், நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடும் கையும்தான்.

சென்ற வாரம் என் சைக்கிள் காணாமல் போன கதையை எழுதியதற்கு, "இவ்வளவு அசடாகவா இருந்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் இந்த வாரமும் படிக்க வேண்டும்.

வாசலில் மூன்று குடை

விஷயம் வெளியே வந்த காலையில் நான் குளியலறைக்குள் இருந்தேன். குளிக்கவில்லை.

நல்ல மழை. எங்கள் வாடகை வீட்டின் குளியலறை பின்பக்கம், கிணற்றை ஒட்டித் தனியாக இருந்தது. தகரக் கதவு. அதன் அடிப்பகுதி துருப்பிடித்து உதிர்ந்துபோனதால் உள்ளே நிற்பவரின் பாதங்கள் வெளியே தெரியும். ஒளிந்துகொள்ளத் தோதான இடம் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் தாழ்ப்பாள் விழுந்த ஒரே அறை அது.

கதவின் அந்தப் பக்கம் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. என் மனைவி கோமதி. தென்காசிக்காரி.

"உள்ள என்ன பண்ணுதிய?"

"குளிக்கேன்."

"தண்ணி விழுற சத்தமே கேக்கல?"

ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினேன்.

"மூணு டீச்சர் வந்திருக்காவ. மூணு ஸ்கூல்லேருந்து. மூணு பேரும் மீனுவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேக்காவ. ஒருத்தர் கையில ரொட்டி, ஒருத்தர் கையில ஆரஞ்சு, ஒருத்தர் கையில புதுக் குடை. இவ முற்றத்துல காகிதக் கப்பல் விட்டுக்கிட்டிருக்கா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"இப்பதான் காய்ச்சல் விட்டுதுன்னு சொல்லு."

"அத நீங்களே வந்து சொல்லுங்க. உங்க நீளப் பேப்பரையும் அவங்க பாத்தாச்சு."

செம்பு என் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் குளிக்கிறேன் என்பதற்கு அந்தக் காலையில் எழுந்த நம்பத்தகுந்த சத்தம் அது ஒன்றுதான்.

கொள்முதல் பிரிவின் வழக்கம்

அந்த நீளப் பேப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் அப்போது, மலையாளம் பேசும் எங்கள் ஊரில், தம்பானூரை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்தில், கொள்முதல் பிரிவில் இருந்தேன். நாற்காலி, மின்விசிறி, கார்பன் தாள், பினாயில் என்று எது வாங்குவதானாலும் குறைந்தது மூன்று கடைகளிலிருந்து கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் நீளமான தாளில் கட்டம் போட்டு எழுதி, ஒப்பீட்டுப் பட்டியல் என்று தலைப்பிட்டு மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர் ஒரு மாதம் கழித்து 'பேசவும்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். போய்ப் பேசுவேன். அதற்குள் நாற்காலிக் கடைக்காரர் கடையையே மாற்றியிருப்பார்.

பத்து வருடம் இதைச் செய்தவனுக்கு மூளை கட்டம் கட்டமாகிவிடும். தன்னைக் கட்டும் முன்பே நான் மூன்று பெண் பார்த்தவன் என்று கோமதி இன்றும் சொல்வாள். அது அபாண்டம். இரண்டுதான். மூன்றாவது கொட்டேஷன் கடைசி நேரத்தில் வரவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் டை கட்டிக்கொண்டு வேனில் ஏற ஆரம்பித்திருந்த காலம் அது. மீனுவையும் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு அழைத்துப் போனோம். பிள்ளையோடு பெற்றோரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். மீனு யானையை யானை என்றும் பூனையைப் பூனை என்றும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்லித் தேறிவிட்டாள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற இரண்டு கொட்டேஷன் வர வேண்டியிருக்கிறது" என்றேன்.

வீடு வந்து சேரும்வரை கோமதி பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தெருவில் நான் வேறு மாதிரி சொல்லிக்கொண்டேன். இது கொள்கை முடிவு. பிள்ளை அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். ருசிய நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்த கனத்த கல்விப் புத்தகங்கள் சிலவற்றை அப்போது படித்திருந்தேன். அவற்றில் பிள்ளைகள் எல்லாரும் முயல் வளர்த்துக்கொண்டும் முள்ளங்கி பயிரிட்டுக்கொண்டும் தாமாகவே பின்னக் கணக்குக் கற்றுவிடுவார்கள். எங்கள் வீட்டில் முயல் இல்லை. ஆனால் நடந்து போகும் தூரத்தில் மூன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருந்தன. மூன்று. கொள்முதல் பிரிவுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

மே மாதத்தில் பிறந்தவர்கள்

எங்கள் அப்பா பள்ளிக்கூடங்களை ஒப்பிட்டவர் இல்லை. சாலையில் அவருக்குப் பாத்திரக்கடை. (சாலை என்றால் எங்களூரில் வெறும் ரோடு இல்லை, பெரிய கடைத்தெருவுக்கே அதுதான் பெயர்.) கடை திறக்கப் போகும் வழியில் எந்தப் பள்ளிக்கூடம் முதலில் வந்ததோ அதில் என்னை இறக்கிவிட்டுப் போனார்.

"பையன் பிறந்தது எப்போ?" என்று கேட்டாராம் ஹெட்மாஸ்டர்.

"பெரிய மழை பெஞ்சு கடைக்குள்ள தண்ணி வந்துதே, அந்த வருசம்."

ஹெட்மாஸ்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மே மாதம் கடைசி வாரத்தில் ஒரு தேதியை எழுதினார். பள்ளி திறப்பது ஜூன் ஒன்றாம் தேதி. அன்றைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஆகவே மே கடைசியில் பிறந்துவிடுவது எல்லாருக்கும் சௌகரியம். என் தலைமுறையில் இந்த ஊரில் பாதிப் பேர் அந்த வாரத்தில் பிறந்தவர்கள். அதனால்தான் வருடா வருடம் மே முடிவில் எங்கள் அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஓய்வு பெறுவார்கள். பிரிவுபசார லட்டுக்கு ஒரே ஆர்டர். அதற்கும் மூன்று கொட்டேஷன்.

அப்பா தேர்ந்தெடுத்த விதத்தில் ஒரு நன்மை இருந்தது. முடிவெடுக்க அவருக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு நாற்பது நாள் ஆனது.

பிள்ளை பிடிக்க வந்தவர்கள்

நாங்கள் படித்த காலத்தில் அடங்காத பையன்களிடம், "பிள்ளை பிடிக்கிறவன் வாறான், பிடிச்சுக் குடுத்திருவேன்" என்று வாத்தியார் மிரட்டுவார். என் மகள் காலத்தில் பிள்ளை பிடிக்க வந்தவர்களே வாத்தியார்கள்தான்.

காரணம் ஆறாம் வேலை நாள். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை எண்ணுவார். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகும். ஒரு தலை குறைந்தாலும் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் டீச்சர் போக வேண்டும். ஆகவே ஏப்ரல் மே வெயிலில், லீவு நாளில், டீச்சர்மார் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள்.

முதலில் வந்தவர் ஆற்றங்கரைப் பள்ளி ஹெட்மாஸ்டர் ராகவன் சார். (பள்ளிகளின் உண்மைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. மூன்றுக்கும் நான் கடன்பட்டவன்.) வழுக்கைத் தலை, வெள்ளை முண்டு, பேசும்போது கை காற்றில் பந்து போடும். அவர் பள்ளியின் மைதானத்தை அரைமணி நேரம் வர்ணித்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். "சும்மா ஒரு ஒப்பு, சாரே." ஒப்பு என்றால் கையெழுத்து.

போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைத்தெருப் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் வசந்தகுமாரி டீச்சர் வந்தார். ஓங்கிய குரல். அவர் பேசியதைத் தெரு முழுக்கக் கேட்டது. அவருக்கும் போட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் தமிழ் டீச்சர் ஞானசெல்வம். பாறசாலைப் பக்கத்துக்காரர், தினமும் காலை ரயிலில் வந்து போகிறவர். நெற்றியெல்லாம் வேர்வை. கோமதி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "எங்க ஸ்கூலுல மைதானம் ஒண்ணும் கிடையாது. தமிழ் உண்டு. அவ்வளவாக்கும்" என்றார். படிவத்தை அவர் நீட்டக்கூட இல்லை. நானாகக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கொட்டேஷனைப் பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டால் பொருளை வாங்கியதாகிவிடுமா? எங்கள் பிரிவில் ஆகாது. பள்ளிக்கூடத்தில் ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. மூன்று சேர்க்கைப் பதிவேடுகளில் மூன்று கையெழுத்தில் என் மகளின் பெயர் ஏறியது.

சாம்பிள்

ஜூன் பிறந்ததும் வழக்கம்போல மழை கொட்டியது. எனக்கு அது வசதி. கூரை ஒழுகுகிறதா என்பதை மழையில்தானே பார்க்க முடியும். நாற்காலி வாங்கும் முன் சாம்பிள் வரவழைத்து உட்கார்ந்து பார்ப்போம். அதே முறையில், முதல் மூன்று நாள் மீனுவை ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு நாள் உட்காரவைத்தேன். மூன்று நாளும் அலுவலகத்துக்கு லீவு. சட்டைப்பையில் அளவு நாடா.

ஆற்றங்கரைப் பள்ளியில் மைதானம் உண்மையிலேயே பெரிது. அதில் பாதி அன்று ஆறாக இருந்தது. ராகவன் சார் பிள்ளைகளை வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்து, கரமனை ஆறு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று நேரே கைகாட்டிப் பாடம் நடத்தினார்.

கடைத்தெருப் பள்ளியின் சன்னலுக்கு நேர் எதிரே மிளகாய் வற்றல் மொத்தக் கடை. மூட்டை இறக்கும்போதெல்லாம் வகுப்பே சேர்ந்து தும்மும். வசந்தகுமாரி டீச்சர் அதையும் விட்டுவைக்கவில்லை. "இப்ப எத்ர பேர் தும்மினது? எண்ணிச் சொல்லு" என்று கேட்டார். தும்மியவர்களே எண்ணினார்கள்.

மூன்றாவது பள்ளியில் ஒரே பெரிய அறை. நடுவே ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் தமிழ் ஒன்றாம் வகுப்பு, அந்தப் பக்கம் மலையாளம் ஒன்றாம் வகுப்பு. இந்தப் பக்கம் 'அம்மா, ஆடு' என்றால், அந்தப் பக்கம் 'தற, பற' என்று பதில் வரும். அந்தப் பக்கத்து டீச்சர் கேட்ட கணக்குக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் விடை சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கினான். தட்டியின் மூலையில் மூங்கில் பத்தைகள் விட்டுப்போய் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை குனிந்தால் தோள் நுழையும் அளவு. மீனு அதன் அருகேதான் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஓட்டை வழியே ஒரு சிறு கை வந்தது. கையில் ஒரு நெல்லிக்காய், ஏற்கெனவே கடித்தது. மீனு அதை வாங்கி மறுபக்கம் கடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கைக்கு உரியவள் பெயர் ஆதிரா என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

நான் அந்த ஓட்டையை அளவு நாடாவால் அளந்து, 'குறைபாடுகள்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்று ஞானசெல்வம் டீச்சர் கஞ்சியும் பயறும் பரிமாறும் நேரத்தில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "இன்னும் ஒரு பிள்ளை வந்தா டிவிஷன் நிலைச்சு நிக்கும் சாரே. இல்லேன்னா இந்தப் பிள்ளையள எல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கம் மாத்திருவாவ. பாதிக்கு மேல சாலையில சுமடு எடுக்கியவங்க பிள்ளையளாக்கும். இப்பதான் தென்காசி, சங்கரன்கோவில்னு அங்கேருந்து வந்தது. மலையாளம் ஒரு எழுத்து புரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கு மாத்தல். விதுராவுக்கு மேல, மலையில எஸ்டேட் ஸ்கூலு. ரெண்டு பஸ்ஸு, ஒரு ஜீப்பு. பாறசாலையிலேருந்து அங்க தினமும் போயிட்டு வர ஏலாது. வீட்டுல உள்ளவங்கள விட்டுட்டு அங்கயே தங்கணும்." பிறகு சிரித்தார். "நல்ல குளிருள்ள இடமாக்கும். அட்டையும் உண்டு."

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் மீனு வீட்டில் இருந்தாள். மூன்று பள்ளிக்கும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். நான் பட்டியலைக் கூட்டினேன். தூரம், கூரை, கழிப்பறை, மைதானம், குடிநீர், கஞ்சி, ஆசிரியர். மூன்று பள்ளிகளும் சமமாக வந்தன. மறுபடி கூட்டினேன். மறுபடியும் சமம். யார் மனதும் நோகக்கூடாது என்று ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண்ணைப் போட்டுப் போட்டு அப்படி ஆகிவிட்டது. கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, ஒரு பள்ளிக்கு மட்டும் மதிப்பெண் குறைத்தேன். அதை எழுதி முடித்துத் திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலைதான் ஆறாம் வேலை நாள்.

மதிப்பெண் கேட்டவர்கள்

ஈரமே இல்லாத தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தபோது, மூன்று ஆசிரியர்களும் மேசையைச் சுற்றி நின்று என் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு முடிவு ஒட்டிய பலகைமுன் நிற்கும் மாணவர்களைப் போல, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்து.

"மைதானத்தினு எட்டு" என்றார் ராகவன் சார். "பாக்கி ரெண்டு எவிடெப் போயி, சாரே?"

"பாதி தண்ணிக்குள்ள இருந்துது, சார்."

"அது ஜூன் மாசம் மாத்ரம்."

"எங்க கழிப்பறைக்கு மூணு மார்க்கா?" என்றார் வசந்தகுமாரி டீச்சர். அடுத்த வீட்டுச் சன்னல் திறந்தது. "போன வாரமல்லே வெள்ளை பூசினது? சார் உள்ளே கேறி நோக்கினாரா, வெளியே நின்னு மார்க் போட்டாரா?"

வெளியே நின்றுதான் போட்டிருந்தேன். நாலு என்று திருத்தினேன்.

"தும்மலுக்கு எதுக்கு மார்க் குறைச்சது? எங்க பிள்ளேருக்கு ஜலதோஷமே வராது, அறியாமோ?"

ஐந்து என்று திருத்தினேன்.

ஞானசெல்வம் டீச்சரின் விரல் கடைசிக் கட்டத்தில் நின்றிருந்தது. கோமதி குனிந்து அதைப் படித்தாள். உரக்கவே படித்தாள்.

"ஆசிரியர் மாற்றலாகும் அபாயம் உண்டு. ஐந்து மதிப்பெண் கழிக்கலாம்."

ராகவன் சார் தன் குடையின் கைப்பிடியைப் பார்த்தார்.

"நம்ம பிள்ளை போனா அவங்களுக்கு மாத்தல் கிடையாது" என்றாள் கோமதி. "போகலன்னா மாத்தல். அந்த மாத்தலுக்கு நீங்க மார்க்கக் குறைச்சிருக்கிய. நீங்களே அனுப்பாம இருந்துட்டு, நீங்களே குறைச்சிருக்கிய."

இதைவிடத் தெளிவாக எந்த மேலதிகாரியும் என் கோப்பில் எழுதியதில்லை.

"கணக்கு தப்பில்ல" என்றார் ஞானசெல்வம் டீச்சர். "சார் உள்ளதத்தான எழுதியிருக்காரு." ஆரஞ்சுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "பிள்ளைக்கு சுகமாச்சுல்லா. அது போதும். நான் வாறேன்."

"நில்லு டீச்சரே" என்றார் வசந்தகுமாரி டீச்சர். முற்றத்தைப் பார்த்து, "மோளே, இங்கோட்டு வா" என்று கூப்பிட்டார். மீனு வந்தாள். பாவாடை முழுக்க நனைந்திருந்தது. காய்ச்சலின் சுவடே இல்லை.

"மோளுக்கு எந்த ஸ்கூலுக்குப் போணும்? அச்சன் பேப்பரை நோக்கண்டாம். நீ பறை."

அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் நான் கேட்கவே இல்லை. பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

"ஓட்டை இருக்குற ஸ்கூலுக்கு" என்றாள் மீனு.

ஞானசெல்வம் டீச்சர் முகம் மலர்ந்தது.

"ஆனா அந்தப் பக்கம். ஆதிரா பக்கம்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. நான் தரையைப் பார்த்தேன். டீச்சர் மீனுவின் முன்னால் குனிந்தார்.

"மக்கா, ஓட்டை அந்தப் பக்கத்துக்கு மட்டும் உள்ளதா? இந்தப் பக்கம் இருந்தாலும் அதே ஓட்டைதானே. அவ அங்க இருந்தா, நீ இங்க இருந்தாத்தான் நெல்லிக்கா கைமாத்த முடியும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தா ஓட்டை எதுக்கு?"

மீனு சற்று யோசித்தாள். வீட்டில் ஒருவருக்காவது தர்க்கம் புரிந்தது. "சரி" என்றாள்.

ஒரே ஆட்டோ

பெயரை நீக்கக் கோரும் கடிதம் இரண்டு வேண்டும் என்றார்கள் மற்ற இருவரும். அவசரத்தில் காகிதம் அகப்படவில்லை. ஒப்பீட்டுப் பட்டியலை நடுவே கிழித்து, இரண்டு பாதியின் பின்பக்கத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பட்டியல் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மணி ஒன்பதே முக்கால். எண்ணுகிறவர் பத்து மணிக்கு முதலில் போவது மூன்றாவது பள்ளிக்கு என்று ராகவன் சாருக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஆட்டோதான் கிடைத்தது. பின்னால் மூன்று ஆசிரியர்கள், மடியில் மீனு. முன்னால் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் நான், பாதி உடம்பு மழையில்.

சாலைக்குள் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னே அரிசி லாரி. அதன் முன்னே கைவண்டிகள். அதற்கும் முன்னே என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்து பீடியை எடுத்தார்.

வசந்தகுமாரி டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார். "டேய் முருகா, வண்டியைத் திருப்பு. சுகுமாரா, அந்தச் சாக்கை எடுத்து மாத்து. ஒண்ணாம் கிளாஸ்ல லைன் நிக்கப் படிப்பிச்சது மறந்துபோச்சா?"

மீசை நரைத்த சுமைகூலிகள் தலையில் மூட்டையோடு ஓரம் ஒதுங்கினார்கள். ஒருவர், "டீச்சரே, இதக் குடையாப் பிடிச்சுக்கோங்க" என்று தன் தலைச் சாக்கை நீட்டினார். கடைத்தெரு வழிவிட்டது. இப்படி ஒன்றுக்கு மதிப்பெண் போட நான் கட்டமே வைக்கவில்லை.

பள்ளி வாசலில் இறங்கும்போது ராகவன் சார் புதுக் குடையை மீனுவின் கையில் வைத்தார். அவர் பள்ளியில் சேரும் பிள்ளைக்கென்று வாங்கி வந்தது.

"சார், அவ உங்க ஸ்கூல் இல்லையே" என்றேன்.

"மழ எல்லாடத்தும் உண்டல்லோ" என்றார். மழை எல்லா இடத்திலும்தானே பெய்கிறது என்று அர்த்தம்.

டீச்சரும் மீனுவும் உள்ளே ஓடினார்கள். இரண்டு நிமிடத்தில் கறுப்புப் பையோடு அதிகாரி வந்தார். நான் வாசல் மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றேன். என் அப்பா எனக்காகப் பள்ளிக்கூட வாசலில் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. நான் இருபது நிமிடம் நின்றேன். அதிகாரி வெளியே போனார். பிறகு ஞானசெல்வம் டீச்சர் கதவருகே வந்து, என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார்.

தமிழ் டிவிஷன் நிலைத்தது.

தலை

அதற்குப் பிறகு பல வருடம் நான் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் சொன்னேன். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடும்வரை சொன்னேன். சொல்லச் சொல்ல, பட்டியலும் குளியலறையும் கதையிலிருந்து மெல்ல நழுவின. கொள்கைப்பிடிப்புள்ள ஒரு தகப்பன் மட்டும் மிஞ்சினான். மீனு வளர்ந்து, ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகும் தோழிகளைச் சேர்த்துக்கொண்ட பிறகும், அவர்கள் வீட்டுக்கு வந்தால் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். அதில் ஒருத்தி ஆதிரா. அவள் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அடக்கமான பெண் என்று நினைத்தேன்.

ஞானசெல்வம் டீச்சர் ஓய்வு பெற்றபோது அந்தப் பள்ளியிலேயே விழா வைத்தார்கள். மே மாதக் கடைசி. பேச என்னையும் கூப்பிட்டார்கள். தட்டி போய்ச் சுவர் வந்திருந்தது. தமிழ்ப் பக்கம் இன்னும் இருந்தது. ஒரு மொழியின் வகுப்பு ஒரு சிறுமியின் ஒற்றைத் தலையால் நிலைத்த கதையை நான் முக்கால் மணி நேரம் சொன்னேன். என் குரல் இரண்டு இடத்தில் தழுதழுத்தது. மூன்றாவது இடத்தில் மைக் நின்றுபோனது.

விழா முடிந்து பருப்புவடையும் டீயும் கொடுத்தார்கள். டீச்சர் தன் டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாரே, ஒரு காரியம் சொல்லட்டா? இத்தன நாள் சொல்லல்ல."

"சொல்லுங்க டீச்சர்."

"அன்னைக்கு ஆபீசர் தமிழ்ப் பக்கத்துல எண்ணுனது உங்க மோளை இல்ல. அது வந்து இருந்த உடனே ஓட்டை வழி அந்தப் பக்கம் போயாச்சு. ஆதிரா இந்தப் பக்கம் வந்து இருந்தா. ஆபீசர் பேரு வாசிக்கல்ல, தலைய எண்ணிட்டுப் போனாரு. ரெண்டு பக்கமும் எண்ணிக்கை சரி. அந்தப் பக்கத்து டீச்சரும் கண்டா, நானும் கண்டேன். ரெண்டு பேரும் வாய தொறக்கல்ல."

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"பேச்சு நல்லா இருந்துது சாரே. அடுத்த தடவ பேச, சாரோட சேத்து மூணு பேர கூப்பிட்டுப் பாக்கச் சொல்லணும்."